அந்த நாலு மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 36, கோவையில் ஐ.டி. வேலை. மூன்று வருடமாகத் தத்துவம், மூளை, மனம் பற்றிய புத்தகங்களாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். நாற்பதுக்கு மேல் முடித்து, எல்லாவற்றுக்கும் தனி நோட்டில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிக்கச் சொன்ன பழங்காலக் கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸ்தான் என் ஆசான். அம்மாவுக்கு ஒன்றரை வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. புதனும் சனியும் தங்கை வந்து அழைத்துப் போவாள், அவளுக்குப் பழகிவிட்டது, அந்த நாலு மணி நேரம் வீடு அமைதியாக இருப்பதால் எனக்கும் நன்றாகப் படிக்க முடிகிறது. நோய் நம் கையில் இல்லை என்று ஏற்றுக்கொண்டுவிட்டேன். நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று மூளை ஆராய்ச்சியாளர் லிபெட்டின் சோதனையைப் படித்த பிறகு குற்றவுணர்வுக்கும் அர்த்தமில்லை என்று புரிந்தது. ஆனாலும் நிம்மதி இல்லை, ராத்திரி தூக்கம் வருவதில்லை. என் வாசிப்பில் எங்கே தவறு? அடுத்து எதைப் படிக்கலாம்?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, "அந்த நாலு மணி நேரம் வீடு அமைதியாக இருப்பதால்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டேன்.

வீடு ஏன் அமைதியாக இருக்கிறது? உங்களைப் பெற்றவள் அங்கே இல்லை என்பதால். அவர் எங்கே இருக்கிறார்? கையில் இரண்டு ஊசி குத்தி, உடம்பிலிருந்து ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் மெஷினைச் சுற்றித் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு, ஏ.சி. குளிரில் படுத்திருக்கிறார். ஒன்றரை வருடம், வாரம் இரண்டு தடவை என்றால் 150 தடவைக்கு மேல். நாலால் பெருக்கினால் 600 மணி நேரம். உங்கள் நாற்பது புத்தகத்தில் பாதியாவது இந்த 600 மணி நேரத்தில் படித்ததாகத்தான் இருக்கும். அது உங்கள் நேரம் இல்லை தம்பி, உங்கள் தங்கையின் நேரம்.

இப்படிப்பட்ட கடிதம் எனக்குப் புதிது இல்லை. புத்தகம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். வீட்டில் ஒருவர் படுத்திருப்பார், ஒரு பெண் ஓடிக்கொண்டிருப்பாள், கடிதம் எழுதுகிறவர் மனநிம்மதி கேட்பார். ஆறுதலாக நாலு வார்த்தை எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் இல்லை.

உங்கள் ஆசானுக்கே வருவோம். எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், பிறகு விடுதலையாகி நிக்கோபொலிஸில் பாடம் நடத்தியவர். தன் கையால் எதுவும் எழுதவில்லை, மாணவர் அர்ரியன் எழுதி வைத்த அவருடைய உரைகளைத்தான் இன்று நாம் படிக்கிறோம். அந்த உரைகளின் முதல் தொகுதியில் பதினோராவது பகுதியை எடுத்துப் பாருங்கள். ஒரு அரசு அதிகாரி அவரைப் பார்க்க வருகிறார். என் சின்ன மகளுக்கு உடம்பு மோசமாகிவிட்டது, பக்கத்தில் இருந்து பார்க்கத் தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவிட்டேன், குணமாகிவிட்டது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் நிம்மதி என்கிறார். தகப்பன்கள் எல்லோருக்கும் இப்படித்தானே இருக்கும் என்று நியாயமும் சொல்கிறார்.

எபிக்டெட்டஸ் அவரைத் தட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் பாசம் இல்லையா, அப்படியானால் அவளும் ஓடியிருக்க வேண்டுமா, வளர்த்த தாதியும் ஓடியிருக்க வேண்டுமா, உங்கள் எல்லோருடைய பாசத்தாலும் அந்தப் பிள்ளை தனியாகக் கிடந்திருக்க வேண்டுமா என்று விடாமல் கேட்கிறார். நீ நோயில் விழுந்தால் உன் வீட்டார் இப்படித்தான் பாசம் காட்ட வேண்டும் என்று விரும்புவாயா என்றும் கேட்கிறார். கிட்டத்தட்ட 1,900 வருடத்துக்கு முன்னால் கேட்டது, எனக்கு உங்களைக் கேட்டது மாதிரியே இருக்கிறது. அந்த அதிகாரிக்காவது தாங்க முடியவில்லை என்ற ஒரு காரணம் இருந்தது. நீங்கள் சொல்லும் காரணம், படிக்க முடிகிறது என்பது.

கையில் இருப்பது, இல்லாதது என்று பிரித்தீர்களே, அதையும் பாதியில் விட்டுவிட்டீர்கள். அம்மாவின் சிறுநீரகம் உங்கள் கையில் இல்லை, சரி. அவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவது யார் கையில் இருக்கிறது? எபிக்டெட்டஸின் போதனைகளைச் சுருக்கித் தந்த கைப்புத்தகத்தில் முப்பதாவது பகுதி, கடமையை அளப்பது உறவை வைத்து என்கிறது. இவர் உன் தகப்பன் என்றால், அவரைப் பார்த்துக்கொள், அவர் திட்டினாலும் பொறுத்துக்கொள். அவர் நல்ல தகப்பன் இல்லையே என்று ஒருவன் கேட்டால், இயற்கை உனக்கு நல்ல தகப்பனைத் தருவதாகச் சொன்னதா, தகப்பனைத் தந்தது, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார். இந்தப் பக்கத்துக்கு உங்கள் நோட்டில் குறிப்பு இருக்கிறதா?

அதே வழியில் வந்த மார்க்கஸ் அரேலியஸ் ஒரு ரோமச் சக்கரவர்த்தி. தனக்காக அவர் எழுதி வைத்த குறிப்புகளின் முதல் பகுதி முழுக்க, யாரிடமிருந்து என்ன பெற்றேன் என்பதுதான். அம்மாவிடமிருந்து தெய்வபக்தி, தாராளம், எளிய சாப்பாடு என்று போகிறது. அந்தப் பகுதி முடியும் இடத்தில் தெய்வங்களுக்கு நன்றி சொல்கிறார், அதில் ஒன்று இது: அம்மா இளம் வயதிலேயே இறக்க வேண்டியிருந்தாலும், கடைசி வருடங்களை என்னோடு கழித்தாள். ஒரு பேரரசே கையில் இருந்தவர் இதைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் லிபெட். 1983இல் வெளிவந்த அந்தச் சோதனையில் என்ன செய்தார்கள்? தோன்றும்போது மணிக்கட்டை அசையுங்கள் என்றார்கள். கை அசைவதற்குச் சுமார் அரை நொடி முன்பே மூளையில் மின் அலை ஏறத் தொடங்கிவிட்டது, அசைக்கப் போகிறோம் என்ற உணர்வு வந்தது அசைவுக்குச் சுமார் 0.2 நொடி முன்புதான். சரி, வைத்துக்கொள்வோம். ஆனால் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று நிறுத்தும் சக்தி நமக்கு உண்டு என்று சொன்னவரும் அதே லிபெட்தான். 2012இல் ஆரோன் ஷுர்கர் என்ற மூளை ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும், அந்த ஏற்றம் மூளை எடுத்த முடிவாக இருக்க வேண்டியதில்லை, மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் சலனம் ஒரு வரம்பைத் தொடுவதாகவும் இருக்கலாம் என்றார்கள். அதையெல்லாம் விடுங்கள். காரணமே இல்லாமல் மணிக்கட்டை அசைப்பதும் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் ஒன்றா? புதன்கிழமை வரப்போகிறது என்று உங்களுக்குப் போன சனிக்கிழமையே தெரியும். யோசிக்க உங்களுக்குக் கிடைத்தது அரை நொடி இல்லை, நாலு நாள்.

"அவளுக்குப் பழகிவிட்டது" என்று தங்கையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பழகிவிட்டது என்று அவள் சொன்னாளா, நீங்களே முடிவு செய்தீர்களா? மகள் என்றால் தானாகப் பழகிவிடும், மகன் என்றால் மனதைத் தயார் செய்ய நாற்பது புத்தகம் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பெற்றவளைப் பார்ப்பது இருவருக்கும் சரிபாதிக் கடமை. இருவரும் வேலைக்குப் போகிறவர்களோ, ஒருவர் மட்டுமோ, தூரமோ பக்கமோ, எப்படியாவது பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும்.

என் மாமனாருக்கு இரண்டு வருடம் டயாலிசிஸ் நடந்தது. கூட இருந்தவள் என்பதால் சொல்கிறேன். நடுவில் பிரஷர் இறங்கும், கண் இருட்டிக்கொண்டு வரும், கெண்டைக்கால் கல் மாதிரி இழுத்துப் பிடிக்கும். அப்போது யாராவது அழுத்தித் தேய்த்துவிட வேண்டும், நர்ஸுக்கு அடுத்த படுக்கையில் வேலை இருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை மில்லி தண்ணீர்தான் என்று அளந்து வைத்திருப்பார்கள், தாகத்துக்கு ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார். பார்க்க வருகிறவர்கள் நல்லது என்று நினைத்து இளநீர் வாங்கி வருவார்கள். அதில் இருக்கும் பொட்டாசியம் அவர் இதயத்துக்கே ஆபத்து என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். இதெல்லாம் உங்கள் தங்கைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். உங்களுக்கு எத்தனை தெரியும்?

தூக்கம் வராததற்கு வாசிப்பு முறையில் தவறு தேட வேண்டாம். உங்கள் மனம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று ராத்திரியில் எழுப்பிச் சொல்கிறது, நீங்கள்தான் அதன் வாயை மூடப் புத்தகம் தேடுகிறீர்கள்.

இன்று ராத்திரியே தங்கைக்குப் போன் போடுங்கள். வருகிற புதன்கிழமை நான் கூட்டிப் போகிறேன், என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று கேளுங்கள். அவள் சொல்வதை அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஊசி போடும் கை எது, அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடக்கூடாது, போர்வை எந்தப் பையில் இருக்கிறது, சாப்பிட என்ன கொடுக்கலாம், எல்லாவற்றையும். லீவோ, வீட்டிலிருந்து வேலையோ, ஆபீஸில் பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் நாள் புத்தகம் வேண்டாம், காதில் மாட்டிக் கேட்பதும் வேண்டாம். அம்மா பேசினால் பேசுங்கள், தூங்கினால் சும்மா உட்கார்ந்திருங்கள்.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டீர்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். சேர்ந்த நீரையெல்லாம் எடுத்த பிறகு உடம்பு இருக்க வேண்டிய எடையை டிரை வெயிட் என்பார்கள். யாரையும் கேட்காமல் அம்மாவின் டிரை வெயிட் எத்தனை கிலோ என்று அந்தக் கடிதத்தில் எழுதுங்கள், அப்போது புத்தகம் சொல்கிறேன்.