சரிவில் டோசர்: கேள்வி உங்களுடையது, பதில் பழைய ஆபரேட்டருடையது

(மண் வேலை, மலை வேலை, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் வண்டிகள் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றுக்குத் திருமங்கலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற டோசர் ஆபரேட்டர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சிறுமலையில் எங்களுக்கு வாழையும் காப்பியும் போட்ட தோட்டம் இருக்கிறது. மேல்பகுதிக்கு வண்டித்தடம் போட டோசர் பேசினோம். 'கையேட்டிலேயே 45 டிகிரி போட்டிருக்கு, தாராளமா ஏறும்' என்கிறார் காண்ட்ராக்டர். வண்டியோடு வந்த ஆபரேட்டர் சரிவைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். யார் சொல்வது சரி?
– தோட்ட உரிமையாளர், திண்டுக்கல்

பதில்: இறங்கிப் போனவர் சரி. அன்றைக்கு உரிய பேட்டாவைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் நீங்களும் சரி.

காண்ட்ராக்டர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். கையேட்டில் 45 டிகிரி என்று இருப்பது பெரும்பாலும் இன்ஜினுக்கான கணக்கு. அந்த அளவு சாய்ந்தாலும் ஆயில் பம்புக்கு ஆயில் எட்டும், பேரிங் காயாது என்று அர்த்தம். வண்டி சறுக்காது, உருளாது என்று எந்தக் கம்பெனியும் அதில் எழுதித் தரவில்லை. 25 டிகிரியைத் தாண்டினாலே எந்தெந்த ஆயிலை எந்த அளவுக்கு ஏற்றி வைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லும் கையேடுகள் உண்டு. அந்தப் பக்கத்தைப் புரட்டிய காண்ட்ராக்டரை நான் பார்த்ததில்லை.

இன்னொரு குழப்பம் சதவீதத்துக்கும் டிகிரிக்கும் நடுவில். 100 சதவீதச் சரிவு என்றால் சுவர் போல நிற்கும் என்று நினைக்கிறார்கள். அது 45 டிகிரிதான். 'நாற்பதுதானே' என்று ஒருவர் சதவீதத்தில் பேச, இன்னொருவர் டிகிரியில் தலையாட்டுவார். 40 சதவீதம் என்பது 22 டிகிரி. 40 டிகிரி என்பது 84 சதவீதம். ஒன்றில் வேலை பார்க்கலாம், இன்னொன்றில் கூடாது.

ஆகவே பேச்சை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான மரச்சட்டத்தின் ஒரு முனையைச் சரிவில் ஊன்றி, ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை மறு முனையைத் தூக்கிப் பிடியுங்கள். அந்த முனையிலிருந்து தரைக்கு நேர் கீழே டேப் போடுங்கள். 36 சென்டிமீட்டர் என்றால் 20 டிகிரி. 47 என்றால் 25. 58 என்றால் 30. 70 வந்தால் 35 டிகிரி, அங்கே டோசருக்கு வேலை இல்லை. ஒரே இடத்தில் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். தடம் போகிற வழி முழுக்க, பத்தடிக்கு ஒரு தரம் அளக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, வண்டி எந்தப் பக்கமாகச் சாய்கிறது என்பது. மூக்கை மேலேயோ கீழேயோ வைத்து நேராக ஏறி இறங்குவது ஒன்று, சரிவுக்குக் குறுக்கே போவது முற்றிலும் வேறு. குறுக்கே போகிறவன் தரையின் சாய்வை மட்டும் பார்த்தால் பத்தாது. இரண்டு செயினுக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி என்று வையுங்கள். தரை 20 டிகிரி. மேல்பக்கச் செயின் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் உருண்டைக் கல்லில் ஏறுகிறது. அதே நேரம் கீழ்ப்பக்கச் செயின் இளகிய மண்ணில் 20 சென்டிமீட்டர் அமுங்குகிறது. மொத்தம் அரை மீட்டர் வித்தியாசம், அதாவது கூடுதலாக 14 டிகிரி. தரை இன்னும் 20 டிகிரிதான். வண்டி 34 டிகிரியில் நிற்கிறது. அந்த நேரத்தில் முன்னால் மண் தள்ளும் பிளேடை மேலே தூக்கி வைத்திருந்தால் எடையும் மேலே போய்விடும். சிறுமலையில் செடிக்கும் சருகுக்கும் அடியில் உருண்டைக் கல் இல்லாத பத்தடி இடத்தைக் காட்டுங்கள், பார்ப்போம்.

என் கணக்கு இது: காய்ந்த கெட்டி மண்ணில் நேர் ஏற்றம், நேர் இறக்கம் 25 டிகிரி வரை. குறுக்கே 15. மழை பெய்திருந்தால் இரண்டும் கிடையாது, வீட்டுக்குப் போய்விடுவேன். இதைவிட அதிகத்தில் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், நல்ல கைகாரர்கள்தான். அவர்கள் கணக்கை அவர்களிடம் கேளுங்கள்.

உங்கள் தடத்துக்கு ஹிட்டாச்சி பேசுங்கள். அது மேலே தனக்கு ஒரு மேடை வெட்டிக்கொண்டு, அதில் சமமாக உட்கார்ந்து, அடுத்ததை வெட்டும். மேடை அகலமான பிறகு டோசர் வந்து மட்டம் தட்டட்டும். வெட்டுகிற மேடை மலைப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், பள்ளத்துப் பக்கமாக அல்ல. தண்ணீர் உள்பக்கம் நின்று அரிக்குமே என்பார்கள். அதற்கு வாய்க்கால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று எழுத விட்டுவிட்டீர்கள். மலையில் மண் வெட்ட அனுமதி வாங்கியாகிவிட்டதா? உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் தாலுகா ஆபீசில் கேளுங்கள். வண்டியைப் பிடித்துக்கொண்டு போனபிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: அண்ணே, நான் டோசர் பழகி ஒரு வருசம் ஆகுது. போடிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் பழைய கிளட்ச் வண்டி ஓட்டுறேன். செங்குத்தா இறங்கும்போது வலது லிவரை இழுத்தா வண்டி இடது பக்கம் திரும்புது. மெக்கானிக் ரெண்டு தரம் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைங்கிறார். எனக்குப் பயமா இருக்கு.
– இளம் ஆபரேட்டர், போடிநாயக்கனூர்

பதில்: தம்பி, மெக்கானிக் சொன்னது சரி. பழுது ஏதும் இல்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சமதளத்தில் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதுதான் கோளாறு.

சமதளத்திலும் ஏற்றத்திலும் இன்ஜின்தான் இரண்டு செயினையும் இழுக்கிறது. வலது லிவரை இழுத்தால் வலது செயினுக்குப் போகிற சக்தி அறுந்துவிடும். இடது செயின் தொடர்ந்து தள்ளும். வண்டி வலது பக்கம் திரும்பும். இதுவரை உனக்குத் தெரியும்.

செங்குத்தான இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே வண்டியை ஓட்டுவது அதன் எடை, 20 டன். இன்ஜின் கியரில் இருந்து அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே வருகிறது. நீ வலது லிவரை லேசாக இழுத்ததும் வலது செயினுக்கு இருந்த பிடி விட்டுப்போகிறது. அது தன் போக்கில் வேகமாக ஓடும். இடது செயின் இன்னும் இன்ஜின் பிடியில் மெதுவாக வரும். வேகமாக ஓடுகிற பக்கம் முந்திக்கொள்ள, வண்டி இடது பக்கம் முகத்தைத் திருப்பும். சரிவுக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்று மேலே திண்டுக்கல்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், படித்துக்கொள்.

இறக்கத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இரண்டு வழி. வலது லிவரோடு வலது பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து அந்தச் செயினை நிறுத்து. அல்லது இடது லிவரை லேசாக இழு. எது உன் வண்டிக்குச் சரியாக வரும் என்பதை நாலடி உயர மண்மேட்டில் பழகிப் பார், எஸ்டேட் சரிவில் பழகாதே. இதெல்லாம் கிளட்ச்சும் பிரேக்குமாக இருக்கிற பழைய வண்டிக்கு. இப்போது வருகிற, ஆயில் அழுத்தத்தில் செயினை ஓட்டும் ஹைட்ரோஸ்டேடிக் வண்டிகளில் இரண்டு செயினும் எப்போதும் பிடியிலேயே இருக்கும், இந்தத் தொல்லை இல்லை. அதில் பழகிவிட்டுப் பழைய வண்டியில் ஏறுகிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கேட்காததையும் சொல்கிறேன். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. நடுச்சரிவில் கியர் மாற்றாதே, நியூட்ரல் என்ற பேச்சே கூடாது. பிளேடு தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். வண்டி சறுக்க ஆரம்பித்தால் முதலில் பிளேடை இறக்கு, அதுதான் உன் நங்கூரம். காலையில் ஏறுவதற்கு முன் டீசல் டேங்க் நிறைந்திருக்கிறதா பார். பாதிக்குக் கீழே இருந்தால் சாய்ந்த நிலையில் காற்றை இழுத்து இன்ஜின் நின்றுபோகும். அந்த மலையில் எலுமிச்சைப் புல் மண்டிக் கிடக்கும். பனி ஈரத்தோடு அதன் மேல் இரும்புச் செயின் ஏறினால் பிடிமானமே இருக்காது. புல்லைச் சுரண்டி மண் தெரியும்வரை வேலையைத் தொடங்காதே. வெயில் ஏறட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் குவாரியில் டோசர் ஓட்டுகிறார். வண்டி சாய்ந்தால் குதித்துவிடுவேன் என்று தைரியமாகச் சொல்கிறார். சீட் பெல்ட் போட்டால் குதிக்க முடியாது என்று போடுவதில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: தாயி, இந்தப் பக்கத்தை அவர் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் வையுங்கள்.

மாப்பிள்ளை, குதிக்க நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். கிடைக்காது. கிடைத்தாலும், சாய்கிற பக்கம்தான் உடம்பு தானாகப் போகும், வண்டியும் அங்கேதான் விழும். உருளுகிற வண்டியில் பலரும் சாவது தூக்கி எறியப்பட்டு அந்த வண்டிக்கு அடியிலேயே சிக்கித்தான். கேபின் கூண்டு உங்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நீங்கள் அதற்குள் இருக்க வேண்டும். பெல்ட் அதற்குத்தான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கையையும் காலையும் உள்ளே வைத்து, பிடிமானத்தை இறுகப் பிடியுங்கள்.

ஆனால் தாயி, இதில் ஒரு நிபந்தனை உண்டு. கூண்டு உண்மையான கூண்டாக இருக்க வேண்டும். வெயிலுக்குப் போட்ட தகரக் கூரையும் நாலு பைப்பும் கூண்டு ஆகாது. உருண்டால் காப்பாற்றும் கூண்டில் கம்பெனி பொருத்திய ஒரு தகடு இருக்கும். ஐ.எஸ்.ஓ. 3471 என்ற எண்ணும், எத்தனை எடை வண்டிக்கு அது தாங்கும் என்பதும் அதில் அடித்திருக்கும். விளக்கு மாட்டவும் ஃபேன் மாட்டவும் அந்தத் தூணில் ஓட்டை போட்டிருந்தாலோ, விரிசலை உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்திருந்தாலோ அந்தத் தகட்டுக்கு மதிப்பில்லை. நாளைக்கு அவரைத் தகட்டை மொபைலில் போட்டோ எடுத்துவரச் சொல்லுங்கள். தகடே இல்லையென்றால் அந்த வண்டியைச் சரிவில் ஏற்றுவது பற்றி முதலாளியிடம்தான் பேச வேண்டும், அவரிடம் அல்ல.

கேள்வி: புல்டோசரைக் கண்டுபிடித்தவர் யார்?
– பள்ளி மாணவர், வாடிப்பட்டி

பதில்: செயினில் ஓடும் டிராக்டர் முதலில் வந்தது. கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் 1904இல் ஓட்டிப் பார்த்தார். சேற்று வயலில் சக்கரம் புதைவதைத் தவிர்க்க வந்த யோசனை அது. டிராக்டருக்கு முன்னால் மண் தள்ளும் பிளேடைப் பொருத்தியவர்கள் கான்சாஸைச் சேர்ந்த ஜேம்ஸ் கம்மிங்ஸ், ஏர்ல் மெக்லியோட் இருவரும், 1923இல். நம் நாட்டில் பெமல் நிறுவனம் தயாரிக்கிறது. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: பேரையூர்ப் பக்கம் கரட்டை உடைத்துத் தளம் எடுக்கிறோம். மண்ணை விளிம்புவரை தள்ளிப் பள்ளத்தில் கொட்டச் சொல்கிறார் மேஸ்திரி. விளிம்பில் எவ்வளவு தூரம் போகலாம்?
– ஆபரேட்டர், டி.கல்லுப்பட்டி

பதில்: போகவே வேண்டாம். முதல் குவியலை விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிட்டுப் பின்னால் வாருங்கள். இரண்டாவது குவியலைக் கொண்டுபோய் முதல் குவியலை அதைக்கொண்டு தள்ளுங்கள். முதல் குவியல் விழும், இரண்டாவது அங்கேயே நிற்கும். எப்போதும் உங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு குவியல் மண் இருக்கும். மேஸ்திரிக்கு வேலை குறையாது.

நீங்கள் நிற்கிற இடம் வெட்டிய தரையா, நேற்று நீங்களே கொட்டிய மண்ணா என்பதையும் மறக்காதீர்கள். பத்து நாள் ஓட்டினால் பார்வைக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். கொட்டிய மண் சுமார் 35 டிகிரியில் தானாகச் சரிந்து நிற்கும். மேலே 20 டன் ஏறினால் அந்தக் கணக்கு மாறும். ஐப்பசி மழை ஒன்று விழுந்தால் சரளை மண் உள்ளே ஊறி, மேல்பக்கம் காய்ந்த மாதிரி காட்டும். காலையில் வண்டியில் ஏறுவதற்கு முன் விளிம்பை ஒட்டி நடந்து பாருங்கள். மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு விளிம்புக்கு இணையாக ஓடினால் அதற்கு இந்தப் பக்கமே வேலை. வெடிப்பு தெரியாமல் இருக்க மேலே மண் போட்டு மூடிவிட்டு வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஹெல்பரைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள், நாளைக்குச் சாட்சி வேண்டும்.

கேள்வி: நியூசிலாந்தில் இரும்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு செங்குத்து மலையில் இயந்திரங்கள் மரம் வெட்டும் வீடியோ ஒன்றை எங்கள் காண்ட்ராக்டர் வாட்ஸாப்பில் அனுப்பினார். அதேபோல நம் டோசரை மேலே இன்னொரு டோசரில் கட்டி இறக்கலாம் என்கிறார். செய்யலாமா?
– ஆபரேட்டர், வத்தலக்குண்டு

பதில்: அங்கே செய்வது உண்மை. மேலே நிற்கிற வண்டியில் அந்த வேலைக்கென்றே கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் பொருத்தியிருப்பார்கள். கயிற்றில் எவ்வளவு இழுவை என்பதை ஆபரேட்டர் தன் கேபினுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். கயிறு அறுந்தாலும் கீழே இருக்கிற வண்டி தானாக நிற்கக்கூடிய சரிவில்தான் வேலை செய்ய வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் விதி. கயிறு பிடிமானத்துக்கு மட்டும், உயிரைத் தொங்கவிட அல்ல.

நம் ஊரில் லாரி இழுக்கிற கயிற்றைக் கொக்கியில் மாட்டி, மேல் வண்டி ஆபரேட்டர் கையசைப்பைப் பார்த்துக் கீழ் வண்டி ஆபரேட்டர் இறங்குவார். கயிறு அறுந்து சுழன்றால் பக்கத்தில் நிற்கிற ஹெல்பருக்குத் தலை இருக்காது. உங்கள் காண்ட்ராக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அந்தக் கயிறு எத்தனை டன் தாங்கும், எங்கே எழுதியிருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றியது? பதில் வரும்வரை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பிளேடைத் தரையில் இறக்கி, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.