வாசகர் கேள்வி – பதில்: பர்மியக் கைவினையில் புத்தரும் நாட் தெய்வங்களும்

கேள்வி: எங்கள் பாட்டையா பர்மாவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த சிவப்பு நிற உருளைப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. மூடியைத் தூக்கினால் உள்ளே இரண்டு தட்டுகள். வெளியே புலி, எலி, தந்தமுள்ள யானை, தந்தமில்லாத யானை ஆகிய உருவங்கள். இது எதற்கானது? எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது பர்மியர் 'குன் இட்' என்று அழைக்கும் வெற்றிலைப் பெட்டி. அடியில் வெற்றிலையும் மேல் தட்டுகளில் பாக்கு, சுண்ணாம்பு முதலியவையும் இருக்கும். மரப்பால் பூசிச் செய்யும் இந்த வேலைக்குப் பெயர்பெற்ற ஊர்கள் பாகனும் அதை ஒட்டிய மியின்கபாவும். பாகனில் இதைக் கற்பிப்பதற்கென்றே 1924இல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது.

மூங்கிலை மெல்லிய பட்டைகளாகச் சீவிப் பின்னிய கூட்டின்மீது, 'திட்சி' என்னும் மரத்தைக் கீறி வடிக்கும் பாலைப் பூசுகிறார்கள். உயர்ந்த வகைக் கிண்ணங்களில் மூங்கிலோடு குதிரை மயிரையும் சேர்த்துப் பின்னுவதால், விளிம்பின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று தொடும்வரை அழுத்தினாலும் அவை உடைவதில்லை. திட்சிப் பால் வெயிலில் காய்வதன்று. ஈரக் காற்று பட்டால்தான் அது இறுகும் என்பதால், ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் பொருளை நிலவறையில் பல நாள் வைத்திருந்து, பின் எடுத்துத் தேய்த்து, சாம்பல் கலந்த பசையால் துளைகளை அடைத்து, மறுபடி பூசுகிறார்கள். உருவங்களை மாதிரித் தாள் எதுவுமின்றி இரும்பு ஊசியால் நேரே கீறி, கீறலில் நிறத்தைத் தேய்த்து நிரப்பி, மிஞ்சியதைத் துடைத்து, அடுத்த நிறத்துக்கு மீண்டும் கீறுகிறார்கள். நல்ல பெட்டி ஒன்று முடிய மாதக்கணக்காகும் என்பதை நினைத்தால், உங்கள் வீட்டில் இருப்பதன் அருமை விளங்கும்.

அந்த விலங்குகள் கிழமைகளைக் குறிப்பவை. பர்மியர் புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என இரண்டாகப் பிரித்து வாரத்தை எட்டாகக் கொள்கிறார்கள். திங்களுக்குப் புலி, வியாழனுக்கு எலி, புதன் முற்பகலுக்குத் தந்தமுள்ள யானை, பிற்பகலுக்குத் தந்தமில்லாத யானை. அந்தப் பிற்பகலுக்கு உரியவர் நமக்கு நன்கு தெரிந்த ராகு. புத்த கோயில்களைச் சுற்றியும் இந்த எட்டுக்கும் தனித்தனி இடங்கள் உண்டு. அவரவர் பிறந்த கிழமைக்குரிய இடத்தில் நீர் வார்த்து வணங்குவார்கள். வெற்றிலைப் பெட்டி செய்யும் அதே கைகள்தாம், துறவியருக்கு உணவு எடுத்துச் செல்லும் கோபுர வடிவப் பாத்திரமான 'சூன் ஓக்'கையும் செய்கின்றன. வீட்டுப் பொருளுக்கும் காணிக்கைப் பொருளுக்கும் அங்கே ஒரே தொழில், ஒரே அக்கறை.

பெட்டியை வெயிலிலோ வெந்நீரிலோ வைக்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.

கேள்வி: பௌத்தர்களான பர்மியர் வீட்டுத் தூணில் தேங்காய் கட்டி ஆவியை வழிபடுவது முரண்பாடு இல்லையா?
– வாசகர், மதுரை

பதில்: அவர்களுக்கு அது முரண்பாடாகத் தோன்றுவதில்லை, எனக்கும் தோன்றவில்லை. மறுமைக்குப் புத்தரும், அன்றாட நன்மை தீமைகளுக்கு 'நாட்' எனப்படும் தெய்வங்களும் என்று அவர்கள் வாழ்க்கையைப் பகுத்துக்கொண்டிருக்கிறார்கள். தகாவுங் நகரில் வாழ்ந்த தின் டே என்ற கொல்லனின் வலிமைக்கு அஞ்சிய அரசன், அவனுடைய தங்கையை மணந்து, அவனை நயவஞ்சகமாக வரவழைத்துச் செண்பக மரத்தில் கட்டி எரித்தான் என்றும், தங்கையும் அந்தத் தீயில் பாய்ந்தாள் என்றும் கதை சொல்கிறது. இருவரும் ஆவியாகக் குடியிருந்த அந்த மரம் வெட்டி ஐராவதியில் எறியப்பட்டு, பாகனுக்கு மிதந்து வந்த பின், அவர்களுக்குப் போப்பா மலையில் இடம் அளிக்கப்பட்டது. வீட்டில் தொங்கும் தேங்காய் அந்தக் கொல்லனுக்கு உரியது. தீயில் வெந்தவனுக்கு இளநீரின் குளிர்ச்சி. தேங்காய்க்குச் சுற்றிய சிவப்புத் துணி அவனுடைய தலைப்பாகை. அநியாயமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிடும் நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது.

பாகனை 1044 முதல் 1077 வரை ஆண்ட அனவ்ரதா இந்த வழிபாட்டை ஒழிக்க முயன்று முடியாமல், 37 நாட் தெய்வங்களுக்கும் ஷ்வேசிகோன் கோயில் வளாகத்திலேயே இடம் தந்து, இந்திரனாகிய தாஜாமினைத் தலைவராக்கினார் என்பது மரபு. நாட்டுச் சிற்பிகளுக்கு இதனால் புத்தர் உருவோடு இந்தத் தெய்வ உருவங்களும் மரத்தில் செதுக்கும் பணியாக நிலைத்தன.

கேள்வி: ஒரே இரவில் துறவிக்கு ஆடை நெய்கிறார்களாமே, உண்மையா?
– வாசகி, சேலம்

பதில்: உண்மைதான். தசாவுங்மோன் மாதப் பௌர்ணமியை ஒட்டி யாங்கோனின் ஷ்வேடகோன் முதலிய கோயில்களில் பெண்கள் விடிய விடியத் தறியில் அமர்ந்து 'மத்தோ திங்கன்' என்னும் துறவாடையை நெய்து, விடிவதற்குள் புத்தர் சிலைக்குச் சாத்துகிறார்கள். மகன் அரச உடையைத் துறக்கப் போவதை விண்ணுலகிலிருந்து அறிந்த தாய் மாயாதேவி ஓர் இரவுக்குள் நெய்து அனுப்பினாள் என்ற கதையே இதற்கு அடிப்படை. இன்லே ஏரிப் பகுதியில் தாமரைத் தண்டை ஒடித்து இழுத்து, அதிலிருந்து வரும் நூலைத் திரித்தும் புத்தருக்கு ஆடை நெய்கிறார்கள். அதற்கு ஆயிரக்கணக்கான தண்டுகள் வேண்டும்.