சாட்சி சொல்லும்போது உழைப்பை மறைக்க வேண்டுமா?

கேள்வி: தாராவியில் பல ஆண்டுகளாக இட்லி வியாபாரம் செய்கிறோம். இந்த ஆண்டு கர்த்தர் கிருபையால் சொந்த வீடு வாங்கினோம். வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தில், “எல்லாம் ஆசீர்வாதம், எங்கள் கையில் ஒன்றுமில்லை” என்று சாட்சி சொன்னேன். அன்றிலிருந்து என் கணவர் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “அப்படியானால் நான் பட்ட பாடு?” என்று கேட்கிறார். எங்களைப் போலவே உழைத்த என் கொழுந்தனாரோ கடனில் இருக்கிறார். நான் சொன்னது தவறா?
– ஒரு சகோதரி, மும்பை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் நன்றியில் குற்றமில்லை, ஆனால் “எங்கள் கையில் ஒன்றுமில்லை” என்று சொல்லும்படி வேதம் உங்களிடம் கேட்கவில்லை. உபாகமம் 8ஆம் அதிகாரத்தில், நல்ல வீடுகளைக் கட்டிக் குடியேறப்போகிற ஜனங்களிடம், ‘என் கைப்பெலனே இதைச் சம்பாதித்தது’ என்று எண்ணாதிருங்கள் என எச்சரிக்கும் மோசே, சம்பாதிப்பதற்கான பெலனைக் கொடுக்கிறவர் கர்த்தர் என்றும் சேர்த்தே சொல்கிறார். பெலன் அவருடையது, அந்தப் பெலனைக் கொண்டு பாடுபட்டவர்கள் ஜனங்கள்தான்.

இது உங்கள் அடுக்களையிலேயே தினமும் நடக்கிறது. அரிசியையும் உளுந்தையும் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைப்பதோடு உங்கள் வேலை முடிகிறது. இரவில் அந்த மாவைப் பொங்க வைப்பது உங்கள் கை அல்ல, ஆனால் அரைக்காத மாவு எவ்வளவு ஜெபித்தாலும் பொங்காது. மாற்கு 4ஆம் அதிகாரத்து உவமையிலும் விதைத்தவன் தூங்கி எழுகையில், அவன் அறியாத விதமாய்ப் பயிர் வளர்கிறது. விதைப்பதும் அரிவாளை எடுப்பதும் அவன்தான். விடியுமுன் ஆவி பறக்கும் இட்லியை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, ஈரத்துணியால் மூடித் தலையில் தூக்கி, சட்னி வாளியோடு மழையிலும் தெருத்தெருவாக நடந்த மனிதருக்கு உங்கள் சாட்சியில் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். அவர் கேட்பது பெருமையை அல்ல என்றே நினைக்கிறேன்.

எனக்கு அதைவிடவும் கவலை தருவது உங்கள் கொழுந்தனாரின் நிலைதான். அவரும் அந்த ஜெபத்தில் இருந்திருப்பார் அல்லவா? உழைப்பைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஆசீர்வாதத்தை மட்டும் சொன்னால், கடனில் இருப்பவருக்கு ‘கர்த்தர் என்னைத் தள்ளிவிட்டார்’ என்றே அது கேட்கும். ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு பஞ்சகாலத்தில் விதைத்து, ஆசீர்வாதத்தால் அதே வருஷத்தில் நூறு மடங்கு பலன் அடைந்தார். பெலிஸ்தர் பொறாமை கொண்டு, அவர் தகப்பன் காலத்துத் துரவுகளை, அதாவது கிணறுகளை, தூர்த்துப் போட்டதும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. ஏசேக்கிலும் சித்னாவிலும் வெட்டிய துரவுகளுக்காக வாக்குவாதம் எழுந்தது. அங்கிருந்து பெயர்ந்துபோய் ரெகொபோத்தில் வெட்டிய பிறகே சண்டை ஓய்ந்தது. ஏசேக்கில் நின்றபோதும் அவர் ஆசீர்வதிக்கப்பட்டவர்தான். உழைப்புக்கு உடனே பலன் வராததை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்கக் கூடாது.

பவுல் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில், மற்ற எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாகக் கூசாமல் சொல்லிவிட்டு, அதைச் செய்தது தன்னுடனிருந்த தேவகிருபையே என்கிறார். அடுத்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் நீங்களும் அப்படியே, கணவர் அருகில் இருக்க, அவர் உழைப்பைச் சொல்லி அதற்காகவே கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துங்கள். அதற்கு முன் வீட்டில் அவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். பிறகு இருவருமாகக் கொழுந்தனாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, யாரிடம் எவ்வளவு கடன், வட்டி என்ன என்று கணக்குப் பார்த்து, உங்களால் எந்தக் கடனை முதலில் அடைக்க உதவ முடியும் என்று முடிவு செய்யுங்கள்.