கண் வறட்சி, வாய் வறட்சி, ரோ ஆன்டிபாடி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

டாக்டர், எனக்கு 46 வயது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி ஓர் உறுத்தல். ஏஎன்ஏ பாசிட்டிவ். இது ஷோகிரன் நோய்தானா?

ஷோகிரன் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய். ஏஎன்ஏ என்பது நம் செல்களின் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது அம்மா, நோயே இல்லாதவர்களுக்கும் குறைந்த அளவில் பாசிட்டிவ் வரும், வயது ஏற ஏற இன்னும் அதிகம். இந்த நோயில் அடிக்கடி காணப்படும் ரோ ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா பாருங்கள், ரிப்போர்ட்டில் எஸ்எஸ்ஏ என்று இருக்கும். கண்ணீரையும் அளக்க வேண்டும். கீழ் இமையில் சின்னக் காகிதப் பட்டையை மடித்துச் செருகிவிட்டு 5 நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொல்வார்கள். ஈரம் 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை என்றால் கண்ணீர் நிஜமாகவே குறைவு.

அம்மாவுக்கு ரோ நெகட்டிவ். ஆனால் ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது, இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதாம்.

முதலில் அவர் போடும் மாத்திரைகளை எல்லாம் மேசையில் எடுத்து வையுங்கள். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அவசரத்துக்கான மாத்திரை எல்லாமே வாயை உலர்த்தும். சர்க்கரையும் பாருங்கள். அதிலெல்லாம் காரணம் கிடைக்கவில்லை என்றால், உதட்டின் உட்புறத்தில் மரத்துப்போக ஊசி போட்டு நாலைந்து குட்டி உமிழ்நீர்ச் சுரப்பிகளை எடுத்துச் சோதிக்கலாம். ரோ நெகட்டிவாக இருந்தும் இந்த நோய் உள்ளவர்கள் உண்டு, அவர்களுக்கு அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகளின் 2016 வரையறைப்படி இந்தச் சோதனைதான் தீர்மானிக்கும்.

நான் 10 வார கர்ப்பிணி. ரோ பாசிட்டிவ். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், அரிதாக அதன் இதயத்தில் துடிப்பைக் கடத்தும் பாதையைக் கெடுத்துவிடும். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டில்தான் இப்படி ஆகிறது. ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு வந்திருந்தால் அடுத்ததற்கு நூறில் பதினைந்துக்கும் மேல், அவர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. பெரும்பாலும் 16 முதல் 26 வாரத்துக்குள்தான் இது தெரியவரும், அதனால் அந்தக் காலத்தில் குழந்தையின் இதயத்தை எக்கோவில் எப்போதெல்லாம் பார்ப்பது என்று மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அறிகுறி இல்லையே என்று ரிப்போர்ட்டைக் காட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஆர்என்பி பாசிட்டிவ், குளிர்ந்த நீரில் கைவைத்தால் விரல் வெளுத்து நீலமாகிறது. வறட்சியும் இருக்கிறது.

ஆர்என்பியும் ரோ போல ஓர் ஆன்டிபாடிதான். இது கலப்பு இணைப்புத் திசு நோயாக இருக்கலாம், அதாவது இதே வகை நோய்கள் பலவற்றின் அறிகுறிகள் சேர்ந்து வருவது. வாதநோய் மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள், நுரையீரலையும் இதயத்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஷோகிரன் என்று உறுதியாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏஎன்ஏ எடுக்கணுமா மேடம்?

வேண்டாம், வீண் செலவு, அந்த எண் கூடுவதும் குறைவதும் நோயின் போக்கைக் காட்டாது. அந்தப் பணத்தில் பல் மருத்துவரைப் பாருங்கள், எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். அப்புறம் காதுக்கு முன்னால், தாடை ஓரத்தில் விரல் வைத்து அவ்வப்போது தடவிப் பாருங்கள். அங்கே வீக்கம் வந்து வற்றாமலே நின்றாலோ, கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, ரத்தத்தில் சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதம் குறைந்தாலோ உடனே காட்டுங்கள், நிணநீர்ப் புற்றுநோய் வாய்ப்பு அதிகமாவதற்கான அடையாளங்கள் அவை.