அரிஹந்த் கேள்வி பதில்: உலை வேறு, குண்டு வேறு

கே: அணுசக்தி நீர்மூழ்கி என்றாலே உள்ளே அணுகுண்டு இருக்குமா சார்?
இல்லை. அணு உலை கப்பல் ஓடுவதற்கு, அவ்வளவுதான். ரஷ்யாவிடம் குத்தகைக்கு எடுத்து 2012-இல் சேர்த்த ஐஎன்எஸ் சக்ரா உலையில்தான் ஓடியது, அணு ஏவுகணை கிடையாது. நம் கடற்படையின் நீர்மூழ்கியான அரிஹந்தில் இரண்டும் உண்டு. தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கே: எத்தனை நாள் முங்கியே இருக்கும்?
சாப்பாட்டுச் சாமான் தீரும்வரை.

கே: எனக்கு நாங்குநேரிப் பக்கம். விஜயநாராயணத்து கோபுரங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
உண்டு. அதுதான் ஐஎன்எஸ் கட்டபொம்மன்; பெயரைப் பார்த்துக் கப்பல் என்று நினைக்காதீர்கள், முங்கியிருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம். சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் நுழைந்ததுமே அடங்கிவிடும். இங்கிருந்து போகும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அலை சில மீட்டர், நன்றாக அமைந்தால் இருபது மீட்டர் வரை இறங்கும். அந்த அலையின் நீளமே பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. அதனால்தான் அவ்வளவு உயரக் கோபுரங்கள். கப்பல் கீழே இருந்துகொண்டே நீளமான வயர் ஆண்டெனாவை மேலே மிதக்கவிட்டு, மெதுவாக இழுத்தபடி கேட்கும். குரல் வராது, எழுத்துதான், அதுவும் சொட்டுச் சொட்டாக. அதே வழியில் பதில் அனுப்ப முடியாது. வேறு வழியில் அனுப்பினால் இருக்கிற இடம் தெரிந்துவிடும்.

கே: 750 கி.மீ. போகும் அரிஹந்தின் ஏவுகணை கே-15-ஐ வைத்து என்ன செய்ய? வெட்டிச் செலவு!
இதை வைத்து வாசகர்கள் மூன்று பேர் சண்டையே போட்டுவிட்டீர்கள். கே-15 பற்றிச் சொன்னது சரிதான். கராச்சிக்கு வெளியே நின்று சுட்டாலும் இஸ்லாமாபாத் எட்டாது. ஆனால் கே-4 சுமார் 3,500 கி.மீ. போகும்; 2024 நவம்பரில் அரிஹந்துக்கு அடுத்த கப்பலான அரிகாட்டிலிருந்து சோதித்தார்கள். விசாகப்பட்டினத்துக் கடலிலிருந்தே இஸ்லாமாபாத் எட்டும்.

கே: அப்போ பெய்ஜிங்?
விடமாட்டீர்கள் போல! வங்கக் கடலின் வடகோடிக்கே போனால் விளிம்பில் எட்டும். அங்கே ஆழம் இல்லை, ஒளிய முடியாது. ஏவுகணை தூரம் போகப் போகத்தான் கப்பலுக்கு ஒளிய இடம் கூடும். கே-4-உக்கு மேல் ஒன்று தேவைப்படுவதும் இதற்காகத்தான், பந்தாவுக்கு அல்ல.

கே: முதலில் சுடமாட்டோம் என்கிறோம். பிறகு எதற்கு இதெல்லாம்?
அப்படிச் சொல்வதால்தான். முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பி அடிக்க ஒன்று மிஞ்ச வேண்டும். ஒரே கப்பல் இருந்தால் அது பழுதுபார்க்கப் போகும் நாளில் என்ன செய்வீர்கள்? 1969 முதல் எப்போதும் குறைந்தது ஒரு கப்பலாவது கடலில் இருக்க பிரிட்டன் நான்கு கப்பல் வைத்துச் சமாளிக்கிறது.

கே: ஆஸ்திரேலியா வாங்கப்போவதிலும் அணுகுண்டு உண்டா?
இல்லை, உலை மட்டும்தான். தலைப்பைப் படியுங்கள் ஐயா.

கே: பையன் பிளஸ் டூ. நீர்மூழ்கியில் சேர வழி?
கடற்படையின் ஆட்சேர்ப்பு இணையதளத்தைப் பாருங்கள். தரகர் யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.