மார்பில் கத்திக்குத்துப் பட்டவருக்கு விலாவில் குழாய் போடுவது ஏன்?

கத்தி, கம்பி, துப்பாக்கிக் குண்டு போன்ற ஏதேனும் ஒன்று மார்புச் சுவரைத் துளைத்து உள்ளே செல்வதையே ஊடுருவும் மார்புக் காயம் என்கிறோம்.

நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. அதற்கும் மார்புச் சுவருக்கும் இடைப்பட்ட மெல்லிய இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருப்பதால்தான் அது சுவரோடு ஒட்டி விரிந்து நிற்கிறது. துளை வழியே அங்கே காற்றோ இரத்தமோ புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவில் கீறல் விழுந்தால் எவ்வளவு இழுத்தாலும் வெறும் காற்றுதானே வரும், ஏறக்குறைய அப்படித்தான்.

படுக்கையருகிலேயே ஸ்கேன் செய்து, நுரையீரலைச் சுற்றிக் காற்றும் இதயத்தைச் சுற்றி இரத்தமும் உள்ளனவா என்று பார்ப்பார்கள், பிறகு எக்ஸ்ரே. ஆனால் அடைபட்ட காற்று இதயத்தையே நெருக்குவதாகத் தெரிந்தால் எந்தப் படத்துக்கும் காத்திராமல் உடனே காற்றை வெளியேற்றுவார்கள்.

அக்குளுக்குக் கீழே, 4 அல்லது 5ஆம் விலா இடைவெளியில் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டில் நீருக்குள் சுமார் 2 செ.மீ. அமிழ்த்துவார்கள். காற்று குமிழியாக வெளியேறும். நீர் தடுப்பதால் திரும்ப நுழையாது. குழாயில் நீர் மூச்சோடு ஏறி இறங்குவதைக் கண்டு உறவினர்கள் பதறுவதுண்டு. குழாய் அடைபடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பெரும்பாலானோருக்கு இதுவே போதும். எடுத்த எடுப்பில் 1,500 மி.லி. இரத்தம் வந்தாலோ, மணிக்கு 200 மி.லி. வீதம் சில மணி நேரம் தொடர்ந்தாலோ மார்பைத் திறக்க நேரிடும்.

குத்திய கத்தியை உடனே பிடுங்குவதே முதலுதவி என்று பலர் நினைக்கிறார்கள். கிழிந்த இரத்தக் குழாயை அந்தக் கத்தியே அடைத்துக்கொண்டிருக்கலாம் என்பதால், அதை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.