ஏரிக்கரையை அரிக்கும் படகு அலை: நகரசபையால் தடுக்க முடியுமா?

கேள்வி: சட்டத்தரணி அவர்களுக்கு, நாங்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மஸ்கோக்காப் பக்கம் ஒரு சிறிய ஏரியின் கரையில் கொட்டேஜ் (விடுமுறை வீடு) வாங்கினோம். எங்கள் படகுத்துறை, ஏரியிலிருந்து பிரியும் ஒரு குடாவின் வாயில் இருக்கிறது. வாயின் அகலம் ஐம்பது மீற்றர் இருக்கலாம். உள்ளே இருநூறு மீற்றர்வரை விரிகிறது. கோடையில், வேண்டுமென்றே உயர்ந்த அலை எழுப்பும் பெரிய வேக் படகுகள் உள்ளே வந்து சுற்றுகின்றன. சென்ற ஓகஸ்டில் ஒரு படகின் அலை துறையின் நான்கு பலகைகளைக் கழற்றிவிட்டது. ஏணியில் நின்ற மகள் தண்ணீரில் விழுந்தாள். கரையும் ஆண்டுதோறும் சரிந்து வருகிறது. நகரசபை "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்கிறது. பொலிஸார் வரும்போது படகு போய்விடுகிறது. வேகத்தடை எழுதிய மிதவைகளை நாங்களே போட்டுவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வழக்குப் போடலாமா?

பதில்: நகரசபை சொன்னதில் பாதி சரி. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம், பிரிவு 91(10)இன் கீழ், கப்பற் போக்குவரத்து முழுவதையும் மத்திய அரசிடம் ஒப்படைத்திருக்கிறது. இது பெருங்கடலில் ஓடும் சரக்குக் கப்பலுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் குடாவில் சுற்றும் உல்லாசப் படகுக்கும் அதுவே பொருந்தும். ஆகவே படகின் வேகத்தையோ அளவையோ கட்டுப்படுத்தும் துணைவிதி ஒன்றை நகரசபை தன்னிச்சையாக இயற்றினால், அது நீதிமன்றத்தில் நிற்பது மிகக் கடினம். கியூபெக்கில் ஒரு ஏரியில் நீர்விமானங்கள் இறங்குவதைத் தடுக்க, உள்ளூராட்சி சபையொன்று நிலப்பயன்பாட்டு விதி என்ற போர்வையில் துணைவிதி இயற்றியபோது, அதன் உண்மையான நோக்கம் மத்திய அரசுக்குரிய வான்போக்குவரத்தைத் தொடுகிறது என்று கூறி, கியூபெக் சட்டமா அதிபர் எதிர் லக்கொம்ப் வழக்கில் (2010) கனடாவின் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. படகு விடயத்திலும் நியாயம் அதே வழியில்தான் போகும்.

நகரசபை சொல்லாமல் விட்ட மறுபாதி, தடை விதிக்க முடியாத அதே சபை தடையைக் கேட்க முடியும் என்பது. அதற்கு வருமுன், ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் சட்டத்தைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஓர் அளவு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2001ஆம் ஆண்டின் கனடா கப்பற்றுறைச் சட்டத்தின் கீழுள்ள படகு இயக்கக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, ஒன்ராறியோவின் நீர்நிலைகளில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் எந்த இயந்திரப் படகும் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. இதற்கு அறிவிப்புப் பலகை தேவையில்லை. இப்போது குடாவின் வாயை நினைத்துப் பாருங்கள். அது உண்மையில் ஐம்பது மீற்றர் அகலம் என்றால், அங்கே ஏதாவது ஒரு கரைக்கு 30 மீற்றருக்குள் அமையாத புள்ளி ஒன்றுகூட இல்லை. நட்டநடுவில் ஓடும் படகும் இரு கரைகளிலிருந்தும் 25 மீற்றரில்தான் ஓடுகிறது. வாய் முழுவதும் ஏற்கெனவே மெதுவாகச் செல்ல வேண்டிய இடம். வேக் சர்ஃபிங் (படகு எழுப்பும் அலையின் மேல் பலகையில் சறுக்கும் விளையாட்டு) செய்யும் படகு சுமார் 16 முதல் 19 கிலோமீற்றர் வேகத்தில் ஓட வேண்டியிருப்பதால், வாயில் அந்த விளையாட்டைச் சட்டத்தை மீறாமல் ஆடவே முடியாது. எனவே முதலில் செய்ய வேண்டியது அளப்பது. கோல்ஃப் ஆடுவோர் வைத்திருக்கும் லேசர் தூரமானியே போதும். அளந்த நாளையும் நீர்மட்டத்தையும் குறித்து வையுங்கள்.

இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. சறுக்கு விளையாடுபவரைக் கரைக்குச் செங்குத்தாக நேரே இழுத்துச் செல்லும் படகுக்கும், 100 மீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள ஆறுகளுக்கும், கால்வாய்களுக்கும், மிதவைகளால் குறிக்கப்பட்ட படகு வழிகளுக்கும் அது பொருந்தாது. உங்கள் குடாவுக்குள் ஆறு எதுவும் வந்து சேராமலும், வாயில் அரசாங்க மிதவைகள் இல்லாமலும் இருந்தால் இவை உங்களைத் தொடா.

குடாவின் உள்ளே நிலைமை வேறு. இருநூறு மீற்றர் அகலத்தில் இரு கரையோரமும் முப்பது முப்பது கழித்தால், நடுவில் 140 மீற்றர் அகலமான பகுதிக்கு இவ்விதி எட்டாது. இந்தப் படகுகள் வேகமாக ஓடுபவை அல்ல என்பதுதான் சிக்கல். தொட்டிகளில் நீரை நிரப்பி, சிலவற்றில் ஒரு தொன்னுக்கும் மேலாக எடையேற்றி, பின்பகுதியை வேண்டுமென்றே அமிழ்த்தி, ஆள் சறுக்கும் அளவுக்கு அலையை உயர்த்துகிறார்கள். வேகத்தை அளக்கும் சட்டத்தின் கண்ணுக்கு இந்த எடை தெரிவதில்லை. மொன்றியலில் உள்ள கியூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெம்ஃபிரமேகொக், லவ்ரிங் ஏரிகளில் அளந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அலைகள் தணிந்து கரைக்குத் தீங்கு செய்யாதிருக்க ஏறத்தாழ 300 மீற்றர் தூரம் வேண்டும் என்றது. சட்டம் தருவது 30 மீற்றர்!

மெம்ஃபிரமேகொக் ஏரியின் தென்முனை அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் இருக்கிறது. அந்த மாநிலம் 2024 ஏப்ரலிலிருந்து, கரையிலிருந்து 500 அடிக்கு அப்பால், குறைந்தது 20 அடி ஆழத்தில், தொடர்ச்சியாக 50 ஏக்கர் பரப்பு கிடைக்கும் இடத்தில் மட்டுமே இவ்விளையாட்டை அனுமதிக்கிறது. அங்கே மாநிலமே தன் ஏரிகளுக்கு விதி செய்யலாம். இங்கே ஒவ்வொரு ஏரிக்காகவும் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசுவரை போக வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

ஒட்டாவாவுக்குப் போகும் வழி இது. மேற்சொன்ன ஒழுங்குவிதிகளுக்கு அட்டவணைகள் உண்டு. இயந்திரப் படகுகளுக்குத் தடை, எஞ்சின் வலுவுக்கு எல்லை, வேக எல்லை, ஆட்களை இழுத்துச் செல்வதற்கும் வேக் சர்ஃபிங்குக்கும் தடை என வெவ்வேறு வகையில் நீர்நிலைகள் அவற்றில் பெயர்பெயராகக் குறிக்கப்பட்டுள்ளன. உங்கள் குடாவை அவ்வாறு சேர்க்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சிடம் நகரசபை விண்ணப்பிக்கலாம். கட்டாயத் தடை கடைசி மருந்து என்பது அமைச்சின் நிலைப்பாடு. ஆகவே விழிப்புணர்வுப் பலகை, படகோட்டிகளுடன் பேச்சு, இருக்கும் சட்டத்தை அமுலாக்கல் ஆகியவற்றை முயன்று பார்த்தும் பயனில்லை என்று காட்ட வேண்டும். கரைவாசிகளை மட்டுமன்றி, படகு வைத்திருப்போரையும் வெளியிலிருந்து வந்து போவோரையும் கலந்தாலோசிக்க வேண்டும். பலகைகளின் செலவும் பராமரிப்பும் விண்ணப்பிக்கும் சபையையே சேரும் என்பதால்தான் பல சபைகள் தயங்குகின்றன. ஏரிவாசிகள் சங்கம் அந்தச் செலவில் பங்கெடுக்க முன்வந்தால் பேச்சு எளிதாகலாம். ஏரி முழுவதற்கும் தடை கேட்டால் எதிர்ப்பு திரண்டுவிடும். குடாவுக்குள் மட்டும் வேக் சர்ஃபிங்கைத் தடுக்கக் கேட்பதையே நான் பரிந்துரைப்பேன்.

மிதவையை நீங்களே போடும் யோசனையைக் கைவிடுங்கள். தனியார் மிதவை போடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதன் அளவு, நிறம், உரிமையாளரின் விபரம் எல்லாவற்றுக்கும் தனி ஒழுங்குவிதிகள் உள்ளன. அட்டவணையில் இல்லாத வேக எல்லையை அதில் எழுதுவது அதிகாரமின்றிக் கட்டுப்பாடு விதிப்பதாகும். குற்றவாளியாக நிற்கப்போவது நீங்கள்தான். உங்கள் துறையின் மேல், அரசாங்க அடையாளம் போலத் தோன்றாத முறையில், "உங்கள் அலையைக் கவனியுங்கள்" என்று எழுதி வைப்பதில் தவறில்லை.

மகள் விழுந்த சம்பவம் தனியானது. சிறு படகு ஒழுங்குவிதிகளின் 1007ஆம் பிரிவு, உரிய கவனமின்றியோ மற்றவர்களைப் பொருட்படுத்தாமலோ படகோட்டுவதைக் குற்றமாக்குகிறது. அதற்கு 30 மீற்றர் கணக்கு தேவையில்லை. ஏணியில் பிள்ளை நிற்பதைக் கண்டும் அலையெழுப்பிச் சென்றவர் மீது முறையிடலாம். பொலிஸார் வரும்வரை படகு காத்திருக்காது, ஆதாரம் காத்திருக்கும். இத்தகைய படகுகளின் முன்பகுதியில் இருபுறமும் குறைந்தது 7.5 சென்ரிமீற்றர் உயர எழுத்துகளில் அனுமதி எண் இருக்க வேண்டும். அந்த எண்ணும், எதிர்க்கரையின் ஏதாவது அடையாளமும், துறையில் அலை மோதும் கணமும் ஒரே காணொளியில் விழும்படி துறையிலேயே கமரா பொருத்துங்கள். நேரமும் பதிவாகட்டும்.

வழக்கைப் பொறுத்தவரை, உடைந்த பலகைகளையும் சரிந்த கரையையும் ஒரே மனுவில் கலக்க வேண்டாம். பலகைக்கு ஒரு நாள், ஒரு படகு, ஒரு அலை என்று காட்டலாம். படகோட்டியை அடையாளம் கண்டால் கவனயீனத்தின் பேரில் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். அங்கே கோரக்கூடிய உச்சத்தொகை 2025 ஒக்டோபர் முதல் 50,000 டொலர். கரை அரிப்போ பல படகுகளும், காற்றும், வசந்தத்தில் நகரும் பனிக்கட்டியும் சேர்ந்து செய்வது. அதில் ஒருவரின் பங்கைப் பிரித்து நிறுவுவதற்கு நிபுணருக்குக் கொடுக்கும் கூலி, கிடைக்கும் நட்டஈட்டை விழுங்கிவிடும். காலக்கெடுவிலும் கவனம் வேண்டும். உல்லாசப் படகுகள் விளைக்கும் தீங்கும் மத்திய கடல்சார் சட்டத்துக்கு உட்பட்டது என்று விட்பிரெட் எதிர் வாலி வழக்கில் (1990) உச்ச நீதிமன்றம் தீர்த்திருப்பதால் மூன்று ஆண்டுகள் உண்டு என்று வாதிடலாம். ஆயினும் மாகாணச் சட்டத்தின் இரண்டு ஆண்டுகளையே கணக்கில் கொள்ளுங்கள். ஓகஸ்டிலிருந்து நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. ஒன்ராறியோவின் பல ஏரிகளில், பழைய நில அளவையின்போது கரையோரமாக 66 அடி அகலமான நிலம் பாதைக்கென ஒதுக்கப்பட்டது. முந்தைய உரிமையாளர் அதை நகரசபையிடமிருந்து வாங்கியிராவிட்டால், சரிந்துகொண்டிருக்கும் கரை உங்களுடையதே அல்ல. அப்படியானால் கரை அரிப்புக்கு நீங்கள் நட்டஈடு கோர முடியாது. நகரசபைக்கோ தன் சொந்த நிலம் கரைகிறது என்ற காரணம் விண்ணப்பத்துக்குக் கிடைக்கிறது. கரைக்குக் கல் அடுக்குவதாயிருந்தாலும் நிலத்துக்கு நகரசபையின் சம்மதம் தேவைப்படும்; ஏரியின் அடித்தளம் பொதுவாக முடிக்கு, அதாவது அரசுக்கு, உரியது என்பதால் மாகாண அமைச்சின் அனுமதியும் தேவைப்படலாம். கல் அடுக்குபவருக்கு முற்பணம் கொடுக்குமுன், கொட்டேஜ் வாங்கியபோது கிடைத்த நில அளவைப் படத்தை எடுத்து, உங்கள் எல்லைக்கோடு நீர்விளிம்புவரை போகிறதா, அதற்கு முன்பே நிற்கிறதா என்று பாருங்கள்.